அக்காவின் மாவும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

1

அக்கா போன் செய்து இன்றோடு பதின்மூன்று நாள் ஆகிறது. நாங்கள் கடல் தாண்டி வெலிங்டனுக்குக் குடிவந்து இந்த வாரத்தோடு பதினோரு வருடமும் ஆகிறது. காலையில் மனைவி, "கேக் ஏதாவது வாங்கவா?" என்று கேட்டாள். யாருக்கு வேண்டும் கேக்? வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். உள்ளே ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம் என்றால் மகள் விடமாட்டேன் என்கிறாள். அம்பத்தூரில் இருக்கும் கூடப் பிறந்தவள் என்னோடு பேசமாட்டேன் என்கிறாள். இந்த லட்சணத்தில் ஆண்டுவிழா ஒன்றுதான் குறைச்சல்.

பதின்மூன்று நாள் பேசாமல் இருப்பதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் விஷயம்தான். ஏழு வருடமாக, ஞாயிறு தவிர எல்லா நாளும், நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அவள் போன் வந்துவிடும். எனக்கு மதியம் பன்னிரண்டு என்றால் அவளுக்கு விடியற்காலை ஐந்தரை. நாங்கள் வளர்ந்த அம்பத்தூர்க் கள்ளிக்குப்பத்து வீட்டின் முன்னறையில், அவள் விற்கிற இட்லி மாவுக்கான அரிசியும் உளுந்தும் ஊறி முடிந்து, கிரைண்டரில் கொட்டத் தயாராக இருக்கும். எடுத்தவுடன் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"டேய் பாபு, இன்னிக்கி காத்து எப்டிடா கீது?"

அவள் கேட்பது வெலிங்டன் காற்றை அல்ல. அம்பத்தூர்க் காற்றையும் அல்ல. கன்னியாகுமரிப் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்றை. அங்கே காற்றாலைகள் நன்றாகச் சுற்றினால் கள்ளிக்குப்பத்தில் கிரைண்டரும் சுற்றும் என்று ஒரு கோடை காலத்தில் நான்தான் அவளுக்கு விளக்கினேன். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள். நானும் போனிலேயே தென் தமிழ்நாட்டின் காற்று வரைபடத்தைத் திறந்து, "நல்லா கீதுக்கா, தைரியமா போடு" என்றோ, "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கஷ்டம்க்கா, இப்பவே அரைச்சிடு" என்றோ சொல்வேன். கூடவே ஏன், எதனால் என்றும் சொல்வேன். அவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தக் காற்றால்தான் இப்போது சண்டை. சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு மின் நிறுவனத்தில் தினமும் காலையில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். இன்று நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தில் எவ்வளவு தண்ணீரிலிருந்து, எவ்வளவு காற்றிலிருந்து, எவ்வளவு பூமிக்கு அடியிலிருந்து வரும் நீராவியிலிருந்து, மிச்சத்துக்கு எரிவாயுவா நிலக்கரியா என்கிற குறிப்பு. அதைப் படித்துவிட்டுப் பெரியவர்கள் முடிவெடுப்பார்கள். படிக்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது.

இந்த நாட்டில் பாதிக்கு மேல் மின்சாரம் தண்ணீரில் வருகிறது. ஊரில் இதைச் சொன்னால், "குடுத்து வெச்சவங்கடா நீங்க" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தென் தீவின் மலையடியில் ஏரிகள் இருப்பது உண்மைதான். ஆனால் மழை சுத்தமாக நின்றுபோனால் அந்தத் தண்ணீர் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு ஹீட்டர் ஓடும். அதே குளிர்காலத்தில் மலையில் மழைக்குப் பதில் பனி விழுந்து அப்படியே உறைந்து உட்கார்ந்துகொள்ளும். ஜனங்கள் அதன் மேல் சறுக்கி விளையாடுவதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும். அது உருகி ஏரிக்கு வந்து சேர வசந்தம் வரவேண்டும். அதாவது, எப்போது வேண்டுமோ அப்போது வராது. குளிர் மிகக் கடுமையாக இருக்கும் நாட்களில் காற்றும் அசையாமல் நின்றுவிடும். சூரியன் பேருக்கு வந்து நான்கரை மணிக்கெல்லாம் மலைக்குப் பின்னால் போய்விடும். எரிவாயுக் கிணறுகளோ வருடத்துக்கு வருடம் வற்றிக்கொண்டிருக்கின்றன. ஆக மொத்தம், ஏரி வற்றினால் கடைசியில் கொளுத்துவது நிலக்கரி. அதுவும் இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வந்த கரி. ஊரில் எங்கள் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் அங்கிருந்து கரிக் கப்பல் வருகிறது. கரிப்புகையே இல்லாத நாடு என்று நம்பித்தான் நான் இத்தனை கடல் தாண்டி வந்தேன்.

இந்த வருடம் ஏரிகள் நிலைமை மோசம். கடந்த மாதம் ஒருநாள் தென் தீவு மலைகளில் பெருமழை என்று செய்தி வந்தபோது அலுவலகத்தில் கை தட்டினார்கள். மின்சாரம் வானத்திலிருந்து கொட்டுகிறது என்று அவர்களுக்குச் சந்தோஷம். அந்த நேரம் எங்கள் ஜன்னலுக்கு வெளியேயும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னை அறியாமல் எழுந்துபோய் மடிக்கணினியையும் போனையும் சார்ஜில் போட்டேன். குடிக்கிற பாட்டில் இரண்டிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். வானம் கறுத்தால் கரண்ட் போவதற்குள் மோட்டாரைப் போட்டு டேங்கை நிரப்பிவிட வேண்டும் என்பது அம்பத்தூரில் எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வந்த பழக்கம். மழை வந்தால் இவர்களுக்குக் கரண்ட் வரும், எனக்குப் போகும். பதினோரு வருடமாகியும் என் கை அதை ஒத்துக்கொள்ளவில்லை.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. வந்த புதிதில் ஒருநாள் அலுவலகத்தில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. "கரண்ட் போய்விட்டது" என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். இங்கே மின்சாரத்துக்கு 'பவர்' என்பார்கள். கரண்ட் என்றால் கடலில் ஓடும் நீரோட்டம். பக்கத்து மேசைக்காரர் நல்ல மனிதர், உடனே எழுந்து ஜன்னலுக்குப் போய்த் துறைமுகத்தை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்றார்.

3

அக்காவின் பெயர் கஸ்தூரி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எங்கள் அப்பா அம்மா வேப்பம்பட்டுப் பக்கம் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள். அப்பாவுக்கு எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், ஒரு பட்டறையில் வேலை கிடைத்ததும் அங்கே குடிவந்தோம். அக்கா பத்தாவதோடு நின்று அங்கேயே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். நான் இஞ்சினியரிங் படித்தேன். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கும் தொடர்பை நான் விளக்க வேண்டியதில்லை.

சுற்றிலும் அடுக்குமாடிகள் முளைத்தபோது அக்கா மாவுக் கடை போட்டாள். ஐடி வேலைக்கு வந்த பிள்ளைகள் வீட்டில் கிரைண்டர் இருக்கும், அரைக்க நேரம் இருக்காது. மதுரைக்காரருக்கு உளுந்து கொஞ்சம் தூக்கலாக வேண்டும். திருநெல்வேலிக்காரர் வெந்தயம் போட்டீர்களா என்று முகர்ந்து பார்ப்பார். கோயம்புத்தூர்க்காரர் எது கொடுத்தாலும் ஊரில் இப்படி இருக்காது என்பார். "இவங்க ஊருக்கெல்லாம் நானா போயி கத்துகினு வர முடியும்?" என்பாள் அக்கா. ஆனாலும் அவள் மாவு விற்றது. அப்படியே சாய்த்து மாவைக் கொட்டும் பெரிய டில்டிங் கிரைண்டர் இரண்டு வாங்கினாள், த்ரீ பேஸ் மோட்டார் போட்டது. மாமா, அதாவது அவள் கணவர், மொபெட்டில் பாக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு அயப்பாக்கம், கொரட்டூர் என்று வீடுவீடாகப் போய்ப் போடுவார். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. மாடிப்படி ஏறும்போது படிக்குப் படி நிற்கிறார்.

மாவு வியாபாரத்துக்கு எதிரி கரண்ட். ஊறிய அரிசி காத்திருக்காது. வெயில் காலத்தில் இரண்டு மணி நேரம் தாமதமானால் வாடை வந்துவிடும். ஆகவே என் அக்காவுக்குத் தமிழ்நாட்டு மின்சாரத்தின் ஜாதகமே அத்துப்படி. நான் சொல்லிக் கொடுத்ததுதான். மார்ச், ஏப்ரலில் காற்று இருக்காது. பகலில் சூரியத் தகடுகள் காப்பாற்றும். பொழுது சாய்ந்து எல்லாரும் ஏசி போடும்போதுதான் திண்டாட்டம். மே மாதக் கடைசியில் தெற்கே காற்று கிளம்பும், செப்டம்பர் வரை கவலை இல்லை. அதே பருவத்தில் ஒடிசாவில் சுரங்கங்களில் மழை பெய்து கரி நனையும், கப்பலில் ஏறுவது குறையும். ஆனால் காற்று இருப்பதால் அது உறைக்காது. ஐப்பசியில் காற்று செத்துவிடும், மழையால் ஏசியும் ஓய்ந்துவிடும்.

"அப்ப கரி ஒரு பக்கம் காலை வாரினா காத்து கையக் குடுக்குது, இன்னா?" என்று ஒருமுறை கேட்டாள். என்னோடு வேலை செய்யும் பாதிப் பேருக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இப்படி இருக்கும்போதுதான் கேண்டீன் வந்தது. எஸ்டேட்டில் ஒரு பெரிய தொழிற்சாலையின் கேண்டீனை எடுத்து நடத்தும் காண்ட்ராக்டர் தினமும் இட்லி மாவு கேட்டார். ஒரே இடம், ஒரே நடை, வண்டியும் அவர்களே அனுப்புவார்கள். கிடைத்தால் மாமா மொபெட்டை ஓரங்கட்டிவிடலாம். அக்கா இதுவரை தனக்கென்று எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. இதற்கு ஆசைப்பட்டாள்.

4

மாவு கொடுக்கப் பதினோரு பக்கப் படிவம். நான் இந்த நாட்டுக்கு விசா வாங்கியபோது கூட இவ்வளவு கேட்கவில்லை. அரைப்பவரின் ரத்தப் பிரிவு, கிரைண்டர் கல்லின் வயது, மாவுக்கு மாற்றுப் பெயர் ஏதேனும் உண்டா என்றெல்லாம் கேள்வி. அத்தனையும் ஆங்கிலத்தில். அக்கா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நான் இங்கிருந்து நிரப்பி அனுப்பினேன். ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி: மாற்று மின்வசதி உண்டா, இல்லையா?

மாமா சொன்னது மிகச் சாதாரணமான விஷயம். "மாப்ள, கொரட்டூர் தாண்டி பாடில ஒரு கடையாண்ட பழைய ஜெனரேட்டர் பாத்து வெச்சிகீறேன். அத்த வாங்கிப் போட்டுட்டு உண்டுன்னு எழுதிடலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டீசல் ஜெனரேட்டரா? காற்றும் வெயிலும் கொட்டிக் கிடக்கிற ஜூன், ஜூலையிலா? அதன் புகை முன்னறையில் மாவின் மேலேயா? மின் தட்டுப்பாடு என்பது எப்போது வரும், எப்போது வராது என்று அரை மணி நேரம் பேசினேன். அனல் நிலையங்களில் கரி இருப்பு எவ்வளவு, காற்று எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று புள்ளிவிவரத்தோடு பேசினேன். மாமா பாதியிலேயே போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

"இப்ப இன்னாடா சொல்ற? வேணுமா, வேணாமா?"

"வேணாம்க்கா. செப்டம்பர் வரைக்கும் கரண்ட்டுக்குக் கொறையே வராது. எழுதியே தரேன்."

எழுதியும் தந்தேன். 'இல்லை' என்று கட்டத்தில் குறித்துவிட்டு, ஏன் தேவையில்லை என்பதற்கு இரண்டு பக்க விளக்கம் ஒன்றும் இணைத்தேன். அலுவலகத்தில் எழுதும் அதே காலைக் குறிப்பு மாதிரியில், தலைப்புகளோடு. மாவுக்கான படிவத்தில் தமிழ்நாட்டின் மின் உற்பத்திக் கலவையைப் பற்றிக் கட்டுரை எழுதிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். காண்ட்ராக்டர் அதைப் படித்தாரா, பயந்துவிட்டாரா தெரியவில்லை. ஆர்டர் கிடைத்துவிட்டது.

5

மூன்றாவது வாரம். இங்கே பள்ளி விடுமுறை என்பதால் அன்று நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் யாழினி எதிரில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. ஏரித் தண்ணீர் குறைந்துவிட்டதென்று நாடே சிக்கனம் பேசுகிறது, நீங்கள் ஹீட்டரைக் கூட்டுகிறீர்கள் என்று காலையிலேயே எனக்கு ஆங்கிலத்தில் ஒரு பாடம் நடத்தி முடித்திருந்தாள்.

இவளுடைய தமிழைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நானும் மனைவியும் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அத்தையோடு மட்டும்தான் தமிழ். சனிக்கிழமைகளில் அக்காவின் போனைப் பிடுங்கிக்கொண்டு பேசுவாள். ஆகவே அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் கள்ளிக்குப்பத்துத் தமிழ். இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை "உன் வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டதற்கு, "ஊடு மேட்டாண்ட கீது மிஸ்" என்று சொல்லிவிட்டாள். இது தமிழே இல்லை என்று ஆசிரியை எங்களை அழைத்துப் பேசினார். அதோடு மகள் அந்தப் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். வழக்கமான கேள்வி இல்லை.

"டேய் பாபு, காத்து பயங்கரமா கீதுடா. போடட்டுமா, வேணாமா?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன். ஆரல்வாய்மொழியில் அம்புக்குறிகள் தடிமனாக இருந்தன. பாலக்காட்டுக் கணவாயிலும் அப்படியே. பரவாயில்லையே, அவளே பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று நினைத்தேன்.

"சூப்பர்க்கா! காத்து எவ்ளோ அடிக்குதோ அவ்ளோ நல்லது. ரெண்டு கிரைண்டரையும் போடு."

"மெய்யாலுமா? மாமா வேணான்றாரு."

"மாமாவுக்கு இன்னா தெரியும்? நீ போடுக்கா."

போட்டாள். கால் மணி நேரத்தில், எதிர் மனையில் நிற்கும் வாதாம் மரத்தின் பெரிய கிளை அந்தப் பயங்கரக் காற்றில் முறிந்து மின்கம்பியின் மேல் விழுந்தது. மூன்று கம்பியில் ஒன்று அறுந்து ஒரு பேஸ் போய்விட்டது. த்ரீ பேஸ் மோட்டார் இரண்டு பேஸில் முக்கி முனகி ஓடும், ஓடி எரிந்துபோகும். பக்கத்துத் தெருவில் தகரம் பறக்கும் சத்தத்தில் மோட்டார் முனகியது அக்காவுக்குக் கேட்கவில்லை. கருகிய வாசனை வந்து ஓடிப்போய் நிறுத்துவதற்குள் ஒரு கிரைண்டரின் மோட்டார்ச் சுருள் எரிந்துவிட்டது. இன்னொன்று தப்பியது, ஆனால் ஓட்டக் கரண்ட் இல்லை. கிளையை வெட்டி, கம்பியை இழுத்துக் கட்டி முடிக்க மதியமாகிவிட்டது. அந்தக் காற்றிலும் மழையிலும் ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது வேலையாட்கள் என்ன செய்வார்கள், பாவம். மாமா ஊறிய அரிசியைப் பாத்திரத்தோடு மொபெட்டில் கட்டிக்கொண்டு கொரட்டூரில் ஒரு மில்லுக்குப் போயிருக்கிறார். அங்கே இவருக்கு முன்னால் ஒரு கூட்டமே நின்றிருக்கிறது. பாதி அரைத்துக்கொண்டு வந்தார், மீதி புளித்துப் போனது. அடுத்த நாள் காலை கேண்டீனில் இட்லி இல்லை.

காண்ட்ராக்டரின் ஆள் வீட்டுக்கே வந்துவிட்டாராம். கையில் என் இரண்டு பக்கக் கட்டுரை. "இத எழுதினது யாரு மேடம்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, "எந்தம்பி, ஃபாரின்ல கரண்ட் ஆபீஸ்ல கீறான்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் சிரிக்காமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாராம். இதெல்லாம் மாமா சொன்னது. அக்கா போனில் வரவில்லை.

6

அன்று நான் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். மாமா போனை வைத்ததும், கிளை விழுந்த அன்று தமிழ்நாட்டில் மின் தட்டுப்பாடு எதுவுமே இல்லை, காற்றாலைகள் அபாரமாக ஓடின என்று காட்டும் வரைபடம் ஒன்றை அக்காவுக்கு அனுப்பினேன். நான் சொன்னது சரிதான் என்று நிரூபிக்க. இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

மகள் அதிசயமாக என்னிடம் தமிழில் சொன்னாள்: "அப்பா, அன்னிக்கு அத்தே சொன்னது அவங்க ஊட்டாண்ட காத்து."

"என்னது?"

"அவங்க ஊட்டாண்ட அடிக்கிற காத்து. பின்னாடி சத்தம் கேட்டுச்சே. நீங்க வேற ஏதோ பேசறீங்கன்னு பார்த்தேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஏழு வருடமாக எங்கள் இருவருக்கும் நடுவில் காற்று என்றால் ஒரே காற்றுதான், ஆரல்வாய்மொழிக் காற்று. அன்று ஒரு நாள் அவள் தன் தெருக் காற்றைச் சொன்னாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. மாநிலத்துக்கே கரண்ட் கொடுத்த அதே காற்றுதான் கள்ளிக்குப்பத்தில் ஒரு மரத்தை முறித்து அவள் கரண்டைப் பறித்திருக்கிறது. வானத்தையும் கப்பலையும் சுரங்கத்தையும் பார்த்த எனக்கு, அவள் வீட்டெதிரே கம்பியின் மேல் சாய்ந்து நிற்கும் வாதாம் மரம் ஞாபகத்துக்கு வரவில்லை. சின்ன வயதில் அதில் கல்லெறிந்து காய் பறித்தவன் நான்.

காண்ட்ராக்டருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். தவறு என்னுடையது, அக்காவுடையது அல்ல, ஜெனரேட்டர் உடனே வைத்துவிடுவோம் என்று. ஒரு நிமிடத்தில் இயந்திரத்திலிருந்து பதில் வந்தது. வழங்குநர் எண் செயலில் இல்லை, மீண்டும் பதிவு செய்ய முதல் பக்கத்திலிருந்து படிவத்தை நிரப்பவும். மாவுக்கு மாற்றுப் பெயர் ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு மறுபடியும் பதில் எழுத வேண்டுமாம். கணினியை மூடிவிட்டேன்.

7

இன்று பன்னிரண்டு மணிக்கு அலுவலகச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வராத போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே போட்டேன். யோசித்துப் பார்த்தால் இந்த ஏழு வருடத்தில் நானாக அவளுக்குப் போன் போட்டது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது ஒரே இரைச்சல்.

"அலோ! யாரு?"

"நான்தான்க்கா. பாபு."

"ஆங்? கேக்கல!"

"பாபுக்கா!"

"தெரிது, தெரிது. இன்னா?"

"இன்னாக்கா சத்தம்?"

"ஜெனரேட்டரு. மாமா பாடிலேர்ந்து எட்த்துகினு வந்துட்டாரு. இங்க ராத்திரிலேர்ந்து கரண்ட் இல்ல."

"கேண்டீன்?"

"அதான் போச்சே. வேற ஆளப் போட்டுட்டாங்க. மாமா பாக்கெட் போட மொபெட்ட எட்த்துகினு பூட்டாரு."

இரைச்சலுக்கு நடுவில் மாமாவின் முட்டி என் கண்ணில் வந்து நின்றது. "என்னாலதான்க்கா" என்றேன்.

"ஆமா. உன்னாலதான்."

அவள் 'பரவால்ல விடுடா' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. எனக்குள்ளே இருக்கும் ஆபீஸ்காரன் அந்த நேரத்திலும் வாயை மூடவில்லை. "ஏழு வருஷமா நான் சொன்னதெல்லாம் சரியாத்தானக்கா இருந்துச்சு? அன்னிக்கு ஒரு நாள்தான்..."

"ஏழு வருசமா நீ சொன்னபடியா அரைச்சேன்?" என்றாள். குரல் ஏறிவிட்டது. "கரண்ட் கீற நேரம் அரைப்பேன், இல்லாத நேரம் குந்திகினு கெடப்பேன். உன்ன கேட்டுட்டா ஊருல மாவு அரைக்கிறாங்க? அன்னிக்கு ஒரு நாளுதான்டா நீ சொன்னதக் கேட்டேன்."

டப்பாவைத் தள்ளி வைத்தேன். பிறகு கேட்டேன். "அப்ப எதுக்குக்கா தெனம் காத்து எப்டி கீதுன்னு கேட்ட?"

"வேற இன்னாடா கேக்கறது உன்கிட்ட? நல்லா கீறியான்னா, கீறேன்ம்ப. புள்ள எப்டி கீதுன்னா, கீதும்ப. அதோட முடிஞ்சிடும். காத்தப் பத்திக் கேட்டாத்தான் பத்து நிமிசம் வாயத் தொறக்கற. அதுக்குத்தான் கேட்டேன்."

டப்பாவில் சோறு அப்படியே இருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. தினம் பத்து நிமிடமாக ஏழு வருடம் அவளிடம் நான் என்னவெல்லாம் பேசினேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒடிசாக் கரி ஞாபகம் வந்தது. சூரியத் தகடு ஞாபகம் வந்தது. முதல் வருடம் இங்கே வேலை கிடைக்காமல் ஐந்து மாதம் அலைந்ததை அவளிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்ததை, முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வரியில் சொன்னேன். அன்றும் அவள் காற்றைத்தான் கேட்டிருப்பாள், நானும் காற்றைத்தான் சொல்லியிருப்பேன்.

"இருக்கியா, வெச்சிட்டியா?" என்றாள்.

"இருக்கேன்க்கா."

"சரி, ஜெனரேட்டர் வந்துட்ச்சு. இனிமே காத்தக் கேக்கத் தேவல. சொல்லு. இன்னா துன்ன இன்னிக்கி?"

"தயிர் சாதம்க்கா."

"ஆங்? கேக்கல! சத்தமா சொல்லு!"

அந்த அறையில் நான் இதுவரை தமிழில் உரக்கப் பேசியதே இல்லை. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்க் கிசுகிசுப்பதுதான் வழக்கம். இன்று போகவில்லை.

"தயிர் சாதம்!" என்று கத்தினேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொட்டுக்க?"

தொட்டுக்கொள்ள ஒன்றும் கொண்டு வரவில்லை. அதையும் கத்திச் சொன்னேன்.